கொள்ளுத் தண்ணீரில் தொடங்கிய சூப்

புரட்டாசி பிறந்த முதல் வாரம். சுண்டலுக்காக வேகவைத்த கொள்ளை வடிதட்டில் கொட்டிவிட்டு, கீழே இறங்கிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போனேன். பின்னால் நின்ற அம்மா, "அதைக் கொட்டிட்டு அப்புறம் எதைக் கண்ணு பிள்ளைங்களுக்குக் குடிக்கக் கொடுப்ப?" என்று கேட்டார். பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்தேன். பத்து நாளாக நான் கடை கடையாகத் தேடிக்கொண்டிருந்த சூப் அதற்குள்தான் இருந்தது.

நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். அம்மா, நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர். மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். நான் ஐந்து மணிக்கே வந்துவிடுவதால் சாயங்கால அடுப்பு என்னுடையது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நல்ல பசி. பேக்கரியில் பப்ஸ், பன், ஏதாவது ஒரு பாக்கெட் என்று வாங்கினால் நாளொன்றுக்கு எண்பத்தைந்து ரூபாய்க்குக் குறையாது. அதைத் தின்றுவிட்டு எட்டு மணிச் சாப்பாட்டில் கைகூட வைக்க மாட்டார்கள். ஆகவே ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு பெரிய தம்ளர் சூப், மீதியை இரவுச் சோற்றுக்கோ தோசைக்கோ வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஏழு வாரம் செய்து பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் தப்பான வழியில் போனேன். காளான், ஸ்வீட் கார்ன், குடைமிளகாய், வெண்ணெய், சோள மாவு என்று பட்டியல் போட்டு வாங்கினேன். முதல் நாள் செலவு 160 ரூபாய். சோள மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைக்காமல் கொதிக்கிற சட்டியில் நேராகத் தூவியதால் கட்டி கட்டியாகிவிட்டது. மறுநாள் ஒழுங்காகக் கரைத்து ஊற்றினேன். பார்க்க ஹோட்டல் சூப் மாதிரியே இருந்தது. ஆனால் ஏழரைக்கெல்லாம் மகன் மறுபடி பசிக்கிறது என்றான். வெறும் மாவுக் கெட்டியில் வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்?

கொள்ளுத் தண்ணீருக்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். சூப்புக்கென்று எதையும் தனியாக வாங்கக் கூடாது. வீட்டில் நடக்கும் வேறொரு சமையலிலிருந்துதான் அதன் தண்ணீர் வர வேண்டும். எலும்பு, தேங்காய் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

கொள்ளை இப்போது நான் செய்யும் விதம் இது. 200 கிராம் கொள்ளைக் கல் பார்த்து, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஊறப் போடுகிறேன். ஊறிய தண்ணீரை மட்டும் கொட்டிவிட வேண்டும். அதில் மண்ணும் தூசியும் இருக்கும், வயிற்றில் வாயு சேர்க்கும் சர்க்கரையில் ஒரு பகுதியும் இறங்கியிருக்கும். பிறகு ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், அரைக் கரண்டி நல்லெண்ணெய். அந்த எண்ணெயை மறக்கக் கூடாது. இரண்டாவது தடவை செய்தபோது எண்ணெயும் விடாமல், குக்கரை முக்கால்வாசி நிரப்பியும் விட்டேன். கொள்ளு நுரைத்துக்கொண்டு மேலே வந்து விசில் வழியே பழுப்பு நீராகப் பீய்ச்சி, அடுப்பு, சுவர், ஜன்னல் கம்பி வரை தெறித்தது. அதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று இருந்தது. ஆறிய பிறகு மூடியைக் கழுவினால், வெயிட் உட்காரும் துளையில் கொள்ளுத் தோல் அடைத்திருந்தது. அன்றிலிருந்து மூன்று கட்டுப்பாடு: குக்கரில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, மூடும் முன் திறந்தபடி கொதிக்கவிட்டு நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுவேன், ஒவ்வொரு தடவையும் அந்தத் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் மூடி போடுவேன்.

ஏழு விசில். ஆவி தானாக அடங்கியபின் வடித்தால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய செம்பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். மண்வாசனையோடு லேசான கொழகொழப்பு இருக்கும். அதில் இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுவேன். மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஆறு பல் பூண்டு தோலோடு. மூன்றையும் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும். கொத்தமல்லித் தழை மேலே தூவ, அதன் தண்டு நறுக்கி உள்ளே போட. வெந்த கொள்ளில் ஒரு கைப்பிடி எடுத்து அரைத்துக் கலந்தால் சோள மாவே வேண்டாத பதத்துக்குக் கெட்டியாகும். நுரை கூடி வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் மிளகு வாசம் போய்விடும்.

மீதிக் கொள்ளில் பாதியை வரமிளகாய், சின்ன வெங்காயம், சீரகம் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் இரவுச் சோற்றுக்குக் கொள்ளுப் பருப்பு. இன்னொரு பாதி மறுநாள் துவையல். இருபது ரூபாய்ச் சொச்சத்துக் கொள்ளில் ஒரு சூப், ஒரு குழம்பு, ஒரு துவையல். கொங்குப் பக்கத்தில் இது புதிது ஒன்றுமில்லை, அம்மா சிறுவயதில் காட்டு வேலைக்குப் போன நாட்களில் குடித்ததுதான். நான்தான் இத்தனை வருடம் வடிதட்டோடு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் மெட்ராஸில் குடித்துப் பழகி, ஊருக்கு எடுத்துப்போய் மல்லிகட்டானி என்று பேர் வைத்துக்கொண்ட சூப் நம்முடைய மிளகுத்தண்ணிதான். கறி, அரிசி, ஆப்பிள் என்று பிற்பாடு அதில் என்னென்னவோ சேர்ந்தன. பேரில் இருப்பது மிளகும் தண்ணியும் மட்டும்.

அடுத்தது பருப்புத் தண்ணீர். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அந்தப் பருப்பு கொஞ்சம் தாமதமாக வேகும், ஒரு மணி நேரம் ஊறினால் சரியாகிவிடும். 150 கிராமை ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுத் தாராளமாக வேகவைத்து, அசைக்காமல் கால் மணி நேரம் வைத்தால் மேலே தெளிவு, அடியில் பருப்பு. தெளிவு சூப்புக்கு, அடி இரவுச் சாம்பாருக்கு. அந்தத் தெளிவில்தான் முருங்கைக்கீரை சூப் வைத்தேன். முதல் தடவை சரியான கசப்பு. முற்றிய காம்புகளோடு கீரையைக் குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டிருந்தேன். பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. இப்போது உருவிய இலை மட்டும், இரண்டு கைப்பிடி. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, தெளிவை ஊற்றி, அது கொதித்த பிறகு இலையைப் போட்டு, மூடாமல் ஆறேழு நிமிடம். பச்சை நிறம் மங்காமல் இருக்கும், கசப்பும் தெரியாது. எதிர்வீட்டில் முருங்கை மரம் இருப்பதால் கீரைக்குச் செலவே இல்லை.

வாழைத்தண்டு சூப் எளிது. வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும், நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். அவ்வளவுதான்.

இனி நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். மனைவியின் ஊர் காரைக்குடிப் பக்கம். ஒருநாள் போனில் பேசும்போது அத்தை, "மாப்பிள்ளை, அரிசி களைஞ்ச தண்ணிய என்ன பண்றீங்க?" என்று கேட்டார். செடிக்கு ஊற்றுகிறோம் என்றேன். "இரண்டாவது தண்ணிய எடுத்து மண்டி வைங்க" என்றார். செட்டிநாட்டில் அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் வைக்கும் புளிக்குழம்புக்கு மண்டி என்று பெயர். வெண்டைக்காயில், பலாக்கொட்டையில், மொச்சையில் எல்லாம் வைப்பார்கள். ஸ்டூ என்று நாம் சொல்கிற பதம், ஆனால் பாலும் இல்லை, மாவும் இல்லை, அரைத்த தேங்காயும் இல்லை. அத்தனை கெட்டியும் அந்தக் கழுநீரிலிருந்து வருகிறது.

முதல் கழுவலில் தவிடும் தூசியும் இருக்கும், அது செடிக்கே போகட்டும். இரண்டாவது தடவை தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு அரிசியைக் கையால் நன்றாகத் தேய்த்துக் களைந்தால் பால் மாதிரி வரும். எனக்கு மூன்று தம்ளர் வேண்டியிருந்தது. கால் கிலோ வெண்டைக்காயைத் தனியாக வழுவழுப்புப் போக வதக்கி வைத்தேன். சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு, உளுந்து, பெருங்காயம், நான்கு வரமிளகாய், நான்கு பச்சைமிளகாய், பதினைந்து சின்ன வெங்காயம், பூண்டு, வேகவைத்த மொச்சை ஒரு கிண்ணம். எலுமிச்சை அளவு புளியைக் கழுநீரிலேயே கரைத்து ஊற்ற வேண்டும். மிளகாய்த்தூள் போடக் கூடாது, நிறம் கெட்டுவிடும் என்று அத்தை இரண்டு தடவை சொன்னார்.

அன்று சட்டியை விட்டுவிட்டு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடம்தான். மாவு அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது, தீய்ந்த வாடை ஹால் வரைக்கும் வந்தது. சுரண்டாமல், மேல்பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றியதால் பாதி தப்பியது. கழுநீரை ஊற்றியதிலிருந்து கொதி வரும்வரை கரண்டி சட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. கொதித்த பிறகு தீயைக் குறைத்துவிட்டால் பயமில்லை. தப்பிய பாதியை மனைவி இரவு சாப்பிட்டுவிட்டு, "ஏங்க, எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கு" என்றாள். அதன் பிறகு வாரத்தில் ஒருநாள் மண்டி உறுதி.

புரட்டாசி முழுக்க வீட்டில் அசைவம் இல்லை. அந்த நாட்களில் அம்மா கேட்டது முடவாட்டுக்கால். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வழியோரத்தில் குவித்து விற்பார்கள். பாறைமேல் படரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். கத்தியால் ரோமத்தோலைச் சுரண்டிவிட்டு, வில்லை வில்லையாக அரிந்து, மிளகு சீரகம் சின்ன வெங்காயத்தோடு இடித்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். மூட்டுவலிக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அம்மாவுக்கு அதைக் குடித்த இரவில் முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம். எனக்குப் பிடித்தது அந்த வாசனை, மழையில் நனைந்த கல் மாதிரி. பாதிக் கிழங்கை நறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு, நல்ல மழை. கறிக்கடையில் கறி எடுக்காமல் நெஞ்செலும்பும் நல்லியும் அரை கிலோ கேட்டேன். கறி விலையில் பாதிகூட ஆகவில்லை. முதலில் திறந்த சட்டியில் சிறு தீயில் மூன்று மணி நேரம் வைத்தேன். உப்பைத் தவிரச் சுவை நன்றாக இருந்தது, ஆனால் சிலிண்டரைப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு குக்கர். எலும்பை மஞ்சள் தடவிக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் திறந்தபடி கொதிக்கவைத்து, சாம்பல் நிறத்தில் மேலே வரும் நுரையை முழுக்க எடுத்துவிட்டு மூடினேன். முதல் விசிலுக்குப் பிறகு தீயை அடியோடு குறைத்து நாற்பது நிமிடம். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுவதால் மூன்று மணி நேர வேலை அதற்குள் முடிந்துவிடுகிறது. தட்டில் தட்டினால் நல்லிக்குள்ளிருந்து மூளை தானாக வழுக்கிக்கொண்டு விழுந்தது. மகன் அதற்காகவே முதல் ஆளாக வந்து நிற்கிறான்.

திறந்த சட்டியில் வைத்த அந்த முதல் ஞாயிற்றில் ஒரு தப்பும் செய்தேன். உப்பை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு மட்டும் அப்படியே நின்று, வாயில் வைக்க முடியவில்லை. அம்மா மதியம் சோறு வடித்த கஞ்சி இரண்டு தம்ளர் எடுத்துவந்து ஊற்றினார். உப்பு அடங்கியது, சூப்பும் லேசாகக் கெட்டிப்பட்டுக் குழைவாக வந்தது. இப்போது உப்பு சரியாக இருந்தாலும் எலும்புச் சூப்பில் ஒரு தம்ளர் வடிகஞ்சி ஊற்றத்தான் செய்கிறேன்.

மீந்த சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் திறந்தால் தளதளவென்று ஜெல்லியாக நிற்கும். கெட்டுப்போயிற்றா என்று மகள் கேட்டாள். எலும்பிலும் ஜவ்விலும் இருக்கும் கொலாஜன் நீண்ட நேரம் வெந்து ஜெலட்டினாக மாறியிருக்கிறது, சூடு பண்ணினால் இளகிவிடும் என்று சொன்னேன். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பைத் தனியாக எடுத்து வைத்தால் மறுநாள் தாளிப்புக்கு எண்ணெய் வேண்டாம். எலும்பையும் உடனே தூக்கிப் போடுவதில்லை. மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் வைத்தால் இரண்டாம் தண்ணீர் வரும். அதைக் குடிக்கக் கொடுத்தால் சப்பென்று இருக்கும். அதில் பாசிப்பருப்பும் சுரைக்காயும் வேகவைத்தால் சோற்றுக்கு நல்ல குழம்பு.

மாடிவீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலி. அவரிடம் கற்றது சொதி. அங்கே கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைப்பது, கூடவே இஞ்சிப் பச்சடி. தேங்காய் விற்கிற விலைக்கு இது சிக்கனமா என்று கேட்கலாம். ஒரு தேங்காயில் ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாடே முடிகிறது, அதனால் சிக்கனம்தான். முதல் பால் ஒரு தம்ளர், இரண்டாம் பால் இரண்டு தம்ளர். அத்தோடு நிறுத்திவிடாமல் வெந்நீர் விட்டு மூன்றாவது தடவையும் பிழிய வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் அந்த மூன்றாம் பாலில்தான் வேகும். பிறகு வேகவைத்த பாசிப்பருப்பு, இஞ்சி பச்சைமிளகாய் விழுது, இரண்டாம் பால். கடைசியாக முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை தட்டும்போதே இறக்கிவிட வேண்டும். நான் முதல் தடவை அதைக் கொதிக்கவிட்டு, கொதியிலேயே எலுமிச்சையும் பிழிந்தேன். பால் திரிந்து எண்ணெய் தனியாக, திப்பி தனியாக நின்றது. சுவை கெடவில்லை, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் அது சொதி இல்லை. இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிழிந்தால் திரிவதில்லை. பிழிந்த சக்கையை வரமிளகாய், உளுந்து, பூண்டோடு வறுத்துப் பொடித்தால் ஒரு வாரத்துக்கு இட்லிப்பொடி மாதிரி ஓடும்.

காய்க்கழிவுச் சட்டி என்று ஒன்றும் ஓடுகிறது. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா, இரண்டு நாள் சேர்ப்பு. மக்காச்சோள மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் தக்கை எல்லாவற்றிலும் மேல். அரை மணி நேரம் கொதித்தால் தண்ணீரே இனிக்கும். கொத்தமல்லி வேர், காலிஃபிளவர் தண்டு, கேரட் முனை, பீர்க்கங்காய்த் தோல் எல்லாம் சேரும். மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நன்றாக அலசிய பிறகுதான் சேர்ப்பேன். சேராதவையும் உண்டு. முட்டைக்கோஸ் வெளி இலை நேரம் ஆக ஆக நாற்றம் கொடுக்கும். பீட்ரூட் தோல் எல்லாவற்றையும் மண்ணாக்கிவிடும். பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலில் நஞ்சு இருக்கும், அதைத் தொடவே கூடாது.

ஒருநாள் கொள்ளு ரசத்தைச் சூட்டோடு மூடி இரவு மேடையிலேயே விட்டுவிட்டோம். காலையில் நுரைத்துப் புளித்துப் போயிருந்தது. பருப்பும் கஞ்சியும் சேர்ந்த எதுவும் எங்கள் ஊர்ச் சூட்டில் விடியும்வரை நிற்காது. இப்போது எட்டு மணிக்குள் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மறுநாள் வெறுமனே சூடாக்குவதில்லை, கொதி வந்த பிறகுதான் தம்ளருக்குப் போகும். மூன்றாம் நாளுக்கு எதையும் வைப்பதில்லை.

நோட்டில் இருக்கும் கணக்கு: நாற்பது சாயங்காலம். பழைய வழக்கப்படி என்றால் 3,400 ரூபாய் பேக்கரிக்குப் போயிருக்கும். சூப்புக்கு ஆனது 1,910. அதில் மூன்று தடவை வாங்கிய எலும்பும் தேங்காய்களும் பாதிக்கு மேல். எலும்பை விட்டால் அதிகம் தின்றது மிளகு. முன்கூட்டிப் பொடித்து டப்பாவில் வைத்த மிளகு பத்தே நாளில் மணம் இழந்து, கரண்டி கரண்டியாகப் போடவேண்டி வந்தது. அன்றன்றைக்கு இடித்தால் பாதி போதும். இந்தக் கணக்கில் இரவுக் குழம்புச் செலவில் மிஞ்சியதைச் சேர்க்கவில்லை, அதைப் பிரித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை.

மனைவிக்கு ஒரு தம்ளர் ஃபிளாஸ்கில் ஊற்றி வைப்பது அம்மாவின் வேலை. ஒன்பதரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன தண்ணி அத்தை?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவாள்.

இன்று காலையும் கொள்ளு ஊறப் போட்டிருக்கிறேன். டப்பாவில் மக்காச்சோளத் தக்கை நான்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இனிப்புத் தூக்கலாகிவிடும் என்கிறார் அம்மா. இரண்டு தக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.